காப்பி வண்டின்னு சொன்னவங்களுக்கு...

"என்ன தம்பி, ஹார்லியா?"

போன மாசம் இங்க கொலம்பஸ் பக்கத்துல நம்ம ஆளுங்க நடத்தின கோடைக்கால பிக்னிக். பின் சீட்டுல எலுமிச்சை சாத டிரேயை வச்சு கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு பைக்குல போய் இறங்கினேன் (சிரிக்காதீங்க, ஒரு பருக்கை சிந்தலை). நிறுத்தினதுமே ஒரு அண்ணன் ஓடி வந்தார். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். டேங்கைத் தடவினார். பையனைக் கூப்பிட்டு சீட்டுல உக்கார வச்சு போட்டோ எடுத்தார். அப்புறம் குனிஞ்சு எஞ்சின் பக்கம் பார்த்தவர் கண்ணுல 'ஹோண்டா'ங்கற எழுத்து பட்டுடுச்சு.

"ஓ... ஹோண்டாவா? ஹார்லி காப்பி."

டேங்க் மேல இருந்த கை தானா இறங்கிடுச்சு. பையனையும் இறக்கிட்டார். ரெண்டு நிமிஷம் முன்னாடி அவர் ரசிச்ச அதே வண்டி, அதே குரோம், அதே சீட். மாறினது அந்த எழுத்து மட்டும்தான்.

அந்த 'ஓ'வுக்கு பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. அந்த 'ஓ' என்னவெல்லாம் செய்யும்னு எனக்கு நல்லாவே தெரியும். அதைக் கடைசில சொல்றேன். மொதல்ல மேட்டருக்கு வருவோம்.

வண்டி 2005 ஹோண்டா ஷேடோ ஏரோ 750. ரெண்டு சிலிண்டர், 745 சிசி, தண்ணியில குளிரும் எஞ்சின், செயினுக்கு பதிலா ஷாஃப்ட். ஜப்பான் கம்பெனிங்க செஞ்ச நடுத்தர சைஸ் க்ரூஸர். யமஹாவுல விராகோ, கவாஸாகியில வல்கன், ஹோண்டாவுல ஷேடோன்னு இது ஒரு பெரிய குடும்பம்.

குற்றம் 1: பார்க்க ஹார்லி மாதிரியே இருக்கு

ஒத்துக்கறேன் யுவர் ஆனர். வளைஞ்ச ஹேண்டில்பார், கண்ணீர்த்துளி டேங்க், தாழ்ந்த சீட், குரோம் எல்லாமே அமெரிக்க அழகுதான். 1981-ல யமஹா விராகோ 750 வந்தப்போ கூட கொஞ்சம் ஜப்பான் வாசனை இருந்தது, பின்னாடி மோனோஷாக் எல்லாம் வச்சிருந்தாங்க. போகப் போக அதையும் விட்டுட்டு அமெரிக்கா பக்கமே சாஞ்சுட்டாங்க. 1995-ல ஹோண்டா ஒரு ஷேடோ மாடலுக்கு 'அமெரிக்கன் கிளாசிக் எடிஷன்'னே பேர் வச்சது. இதுக்கு மேல என்ன வாக்குமூலம் வேணும்?

ஆனா ஒரு கேள்வி. ஊர்ல புல்லட் வச்சிருக்கற யாரையாவது பார்த்து "காப்பி வண்டி"ன்னு சொல்லியிருக்கீங்களா? அடி விழும். புல்லட் எங்க பிறந்தது? இங்கிலாந்துல, ரெட்டிச்சுல. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து இங்க ஆரம்பிச்சாங்க, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்தது. 1970-ல இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்டு பைக் தயாரிப்பே நின்னு போச்சு. நம்ம ஆளுங்க விடாம செஞ்சாங்க. இன்னிக்கு புல்லட்டோட சொந்த ஊரு சென்னைன்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க.

இப்ப ஜப்பான் கதையைக் கேளுங்க. 1930-கள்ல ஹார்லி கம்பெனியே வரைபடம், கருவி எல்லாம் குடுத்து, லைசென்ஸ் வாங்கிக்கிட்டு ஜப்பான்ல ஹார்லி தயாராச்சு. 'ரிகுவோ'ன்னு பேர். டோக்கியோவுல ஷினகாவால தொழிற்சாலை. ஜப்பான் ராணுவமே அதைத்தான் ஓட்டுச்சு. போர் முடிஞ்சும் 1950-கள் வரைக்கும் ரிகுவோ வந்துக்கிட்டு இருந்தது. அதாவது பெரிய வி-ட்வின் வண்டி ஜப்பான் ரோட்டுல ஓடினது ஷேடோவுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே, அதுவும் ஹார்லி சம்மதத்தோட.

திருவொற்றியூர்ல செஞ்சா பாரம்பரியம், ஷினகாவால செஞ்சா காப்பி. மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி!

குற்றம் 2: சின்ன வண்டி, ஏழையோட ஹார்லி

ஏன் 750, ஏன் 700ன்னு இந்த சைஸ்லயே ஜப்பான்காரன் சுத்தினான்? அதுக்குப் பின்னாடி ஒரு அரசியல் இருக்கு.

1980 ஆரம்பத்துல ஹார்லி நிலைமை படுமோசம். ஏஎம்எஃப்-ங்கற பெரிய கம்பெனி கையில இருந்ததை 1981-ல 13 அதிகாரிங்க சேர்ந்து கடன் வாங்கி மீட்டாங்க. அதே நேரம் ஹோண்டாவுக்கும் யமஹாவுக்கும் யார் பெரியவன்னு ஒரு குஸ்தி. ரெண்டு பேரும் மாடலா தயாரிச்சுத் தள்ளி, விக்காத ஜப்பான் வண்டிங்க அமெரிக்க கிடங்குகள்ல மலை மாதிரி குவிஞ்சு, அடிமாட்டு விலைக்குப் போச்சு. ஹார்லி அரசாங்கத்துக்கிட்ட போய் அழுதது. அழுததுல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்.

1983 ஏப்ரல்ல ஜனாதிபதி ரீகன் கையெழுத்து போட்டார். 700 சிசிக்கு மேல இருக்கற இறக்குமதி பைக்குகளுக்கு வரி 4.4 சதவீதத்துல இருந்து 49.4 சதவீதம். அஞ்சு வருஷத்துல படிப்படியா குறையும்னு திட்டம்.

அந்த வருஷம்தான் ஹோண்டா ஷேடோ 750 அமெரிக்கால களம் இறங்கியிருந்தது. பாவம். நம்ம ஊர்ல கடை திறந்த அன்னிக்கே வாசல்ல பள்ளம் தோண்டினா எப்படி இருக்கும், அப்படி.

ஜப்பான்காரன் என்ன செஞ்சான்? புலம்பலை. எஞ்சினைப் பிரிச்சான், 700க்குக் கீழே கொண்டு வந்தான். 1984-ல ஷேடோ 750 அமெரிக்காவுக்கு மட்டும் ஷேடோ 700 ஆச்சு. விராகோ 750, விராகோ 700 ஆச்சு. 1985-ல வந்த கவாஸாகி வல்கன் மத்த நாடுகளுக்கு 750, அமெரிக்காவுக்கு 700. சுஸூகி மதுரான்னு ஒண்ணு (நம்ம மதுரை இல்லீங்க), அதுவும் 700.

ரிக்வயர்மென்ட் ராத்திரியோட ராத்திரியா மாறிட்டா நாம என்ன செய்வோம்? ரெண்டு நாள் கேன்டீன்ல உக்காந்து மேனேஜரைத் திட்டுவோம். இவங்க ஒரே வருஷத்துல எஞ்சினையே மாத்தி அனுப்பினாங்க. அவங்களுக்கு 700 சிசிக்கு மேல செய்யத் தெரியாம இல்லை. சட்டம் போட்டுக் குறுக்கினாங்க, குறுகின இடத்துல வாழ்ந்து காட்டினாங்க. அதைப் போய் 'ஏழையோட ஹார்லி'ங்கறது என்ன நியாயம்?

ஹார்லியையும் பாராட்டணும். சுதாரிச்சு எழுந்து, 1987-ல "வரி போதும், எடுத்துடுங்க"ன்னு அவங்களே கேட்டாங்க. ஆனா எப்படி எழுந்தாங்க? இங்கதான் கதை சுவாரஸ்யம்.

நான் குடியிருக்கற இடத்துல இருந்து வடமேற்கே ஒரு மணி நேரம்கூட ஆகாது மேரிஸ்வில் போக. 1979-ல ஹோண்டா அங்க பைக் தொழிற்சாலை திறந்தது. 1982-ல ஹார்லி அதிகாரிங்க அதைச் சுத்திப் பார்க்கப் போனாங்க. தேவைப்படும்போது மட்டும் பாகங்களை வரவழைக்கற முறை, தொழிலாளியே தரத்தைக் கணக்குப் பார்க்கற முறை. இந்த ஜப்பான் வழக்கங்களை எல்லாம் தங்கள் தொழிற்சாலைக்குக் கொண்டு போய்த்தான் ஹார்லி பிழைச்சது. அவங்களே மறைக்காத விஷயம் இது. வண்டியில மாட்டின கார்புரேட்டர் பல வருஷமா கெய்ஹின், முன் ஃபோர்க் ஷோவா. ரெண்டும் ஜப்பான்.

டேங்கோட வளைவைப் பார்த்துச் செஞ்சா காப்பி. தொழிற்சாலை நடத்தறதையே பார்த்துச் செஞ்சா? அதுக்கு மேனேஜ்மென்ட் கோர்ஸ்ல 'கேஸ் ஸ்டடி'ன்னு பேராம்!

குற்றம் 3: உயிரே இல்லாத எஞ்சின், சத்தமே இல்லை

எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் இதுதான். கொஞ்சம் மெக்கானிக்கல் பேசறேன், பொறுத்துக்குங்க. படிச்ச நாலு வருஷத்துல உருப்படியா மண்டையில நின்னது இவ்வளவுதான்.

ஹார்லியில ரெண்டு சிலிண்டரும் 45 டிகிரி கோணத்துல நிக்கும். ரெண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க்பின்னுல மாட்டியிருக்கும். அதனால ஒரு சிலிண்டர் வெடிச்சு 315 டிகிரி சுத்தின பிறகு அடுத்தது வெடிக்கும், அதுக்கப்புறம் 405 டிகிரி சுத்தினாத்தான் மறுபடி முதல் சிலிண்டர். இந்த நொண்டி தாளம்தான் அந்த 'தடக்...தடக்' சத்தம். கூடவே உடம்பை உலுக்கற அதிர்வும் இலவசம்.

ஹோண்டா பொறியாளருங்க இந்த அதிர்வை ஒரு கணக்கா பார்த்தாங்க. கிராங்க்பின்னை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணை விட்டு ஒண்ணைத் தள்ளி வச்சா? எவ்வளவு தள்ளணும்? 180-ல இருந்து சிலிண்டர் கோணத்தோட ரெண்டு மடங்கைக் கழிச்சா வர்ற டிகிரி. கோணம் 45-னா 90 தள்ளணும். 52-னா 76 தள்ளணும். அப்படி வச்சா முதல்நிலை அதிர்வு ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு காணாமப் போயிடும். தனியா பேலன்சர் எடையே வேண்டாம். 1983 ஷேடோ 750-ல முதல் கணக்கு, ஷேடோ 500-ல ரெண்டாவது கணக்கு. எவ்வளவு அழகு! இதை யாரைப் பார்த்து காப்பி அடிச்சாங்க, சொல்லுங்க பார்ப்போம்?

இதுக்கு வாடிக்கையாளர் குடுத்த பரிசு: "அதிரவே மாட்டேங்குதே, உயிரே இல்லை!"

பன்னிரண்டு வருஷம் கழிச்சு, 1995-ல, நான் மேல சொன்ன அந்த அமெரிக்கன் கிளாசிக் எடிஷன் 1100-ல, ஹோண்டா பழையபடி ஒரே கிராங்க்பின்னுக்குப் போனது. தீர்த்து வச்ச அதிர்வைத் திரும்பக் கொண்டு வந்தது, ஹார்லி மாதிரி ஆடணும்ங்கறதுக்காகவே. எனக்கும் இப்படி ஒரு அனுபவம் உண்டு. ஒரு ரிப்போர்ட் பக்கத்தை 40 நொடியில இருந்து 2 நொடிக்குக் கொண்டு வந்தேன். "இவ்வளவு சீக்கிரம் வந்தா கணக்கு சரியா போட்டிருக்காதுன்னு யூஸர் நினைக்கறாங்க"ன்னு சொல்லி, சும்மா சுத்தற ஒரு சக்கரத்தைப் போடச் சொன்னாங்க. போட்டேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

ஷேடோவோட ஒரே உண்மையான 'காப்பி' அந்த அதிர்வுதான். அதைக் கேட்டு வாங்கினது யாரு? இன்னிக்கு 'காப்பி'ன்னு சிரிக்கற அதே ரசிகருங்க.

ஹார்லி 1994-ல தன்னோட எஞ்சின் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பம் போட்டது. மத்த கம்பெனிங்க எதிர்த்தாங்க. ஆறு வருஷம் இழுத்து 2000-ல ஹார்லியே வாபஸ் வாங்கிடுச்சு. ஒரு கிராங்க்பின்னுல ரெண்டு ராடை மாட்டினா வர்ற சத்தத்துக்கு யார் பட்டா போட முடியும்?

சரி, அப்படி என்னதான் இருக்கு இந்த வண்டியில?

என் உயரம் அஞ்சடி நாலங்குலம். ஏரோவோட சீட் உயரம் 26 அங்குலம். ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியும். உயரமானவங்களுக்கு இதோட அருமை புரியாது. சிக்னல்ல சரிவான ரோட்டுல, சுமார் 250 கிலோ வண்டியை, பதட்டமே இல்லாம நிறுத்தி வைக்கற நிம்மதி இருக்கே, அதுக்கு விலையே கிடையாது.

ஷாஃப்ட் டிரைவ். செயினுக்கு எண்ணெய் போடற வேலை இல்லை. கார்புரேட்டர் வண்டிங்கறதால டேங்குக்குக் கீழே ரிசர்வ் குமிழ் உண்டு. எங்கப்பாவோட ஸ்ப்ளெண்டர்ல இருக்கற மாதிரியே. முதல் தடவை ஹைவேயில பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் திக்கினப்போ, யோசிக்காமலே இடது கை கீழே போய் குமிழைத் திருப்பிடுச்சு. ஈரோடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல அப்பா செய்யறதைப் பெட்ரோல் டேங்க் மேல உக்காந்து பார்த்த ஞாபகம், ஒஹாயோ ஹைவேயில கைக்கு வருது. எங்கப்பா 20 வருஷம் ஓட்டின அந்த ஸ்ப்ளெண்டரும் ஹோண்டா எஞ்சின்தான். அதை யாரும் காப்பின்னு சொன்னதில்லை. வீட்டுல ஒருத்தர் மாதிரிதான் பேசுவாங்க.

இங்க குளிர்காலம் நாலு மாசம் வண்டி ஷெட்டுல தூங்கும். முதல் வருஷம் பழைய பெட்ரோலோட நிறுத்திட்டேன். வசந்தத்துல கார்புரேட்டர் ஜெட் அடைச்சுக்கிட்டு ஸ்டார்ட் ஆகலை. தப்பு என்னோடது. ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர், ஒரு ஞாயித்துக்கிழமை. கழட்டி, கழுவி, மாட்டி, நானே ஓட வச்சேன். பொட்டி தட்டற எனக்கு அன்னிக்குத்தான் என்ஜினியர்னு பேர் போட்டுக்கத் தகுதி வந்தது :-)

அப்புறம் தென்கிழக்கே ஹாக்கிங் ஹில்ஸ் மலைப்பாதை. அக்டோபர்ல இலையெல்லாம் சிவந்து கிடக்கும்போது மணிக்கு 50 மைல்ல அந்த வளைவுகள்ல போனா, கூட வர்றது எந்த பிராண்டுன்னு மரங்களுக்குத் தெரியாது.

இப்ப அந்த 'ஓ'

மூணு வருஷம் முன்னாடி. என் ரூம்மேட்டுக்கு பைக் ஆசை வந்தது. மாநில அரசு நடத்தற பயிற்சி வகுப்புல சேர்ந்து, 250 சிசி வண்டியில பழகி, லைசென்ஸ் வாங்கினான். என்னை விட ஒரு அங்குலம்தான் உயரம். லான்காஸ்டர்ல ஒரு பெரியவர் விக்கறார்னு ஒரு 2005 ஷேடோ ஏரோ பார்த்துட்டு வந்தான். போட்டோவைக் காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

நாங்க ஆறு பேர் இருந்தோம். ஒருத்தன் விடாம 'ஓ'ன்னோம். அதுல மோசமா பேசினது நான். "ஸ்ப்ளெண்டருக்கு குரோம் அடிச்சா இதைவிட நல்லா இருக்கும் மச்சி"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்.

அடுத்த மாசம் கடன் போட்டு ஒரு பெரிய டூரிங் வண்டி வாங்கிட்டான். 350 கிலோவுக்கு மேல. தெருவுல நின்னா பத்து பேர் திரும்பிப் பார்க்கற வண்டி. கம்பெனி பேர் வேண்டாம், வண்டி மேல எந்தத் தப்பும் இல்லை. பழகினவங்களுக்கு அது சொர்க்கம். இவன் பழகி மூணு வாரம்தான். பெட்ரோல் பங்க்ல இருந்து வெளிய வரும்போது, நடக்கற வேகத்துல, ஜல்லி மேல முன் சக்கரம் வழுக்கி வண்டி சாய்ஞ்சது. காலை ஊனிப் பார்த்தான். எட்டலை. கணுக்கால்ல ரெண்டு இடத்துல முறிவு. பிளேட்டு, ஸ்க்ரூ. வண்டியை நஷ்டத்துக்கு வித்தான். இப்ப வரைக்கும் ஓட்டறதில்லை.

ஆஸ்பத்திரியில அவன் யாரையும் குத்தம் சொல்லலை. "எனக்கு அந்தச் சின்ன வண்டிதான்டா பிடிச்சிருந்தது"ன்னு மட்டும் சொன்னான்.

அந்த வருஷக் கடைசியில நான் லான்காஸ்டர் பெரியவருக்கு போன் போட்டேன். வண்டி அப்படியே இருந்தது. ஆமாங்க, பிக்னிக்குக்கு எலுமிச்சை சாதம் தூக்கிட்டு வந்தது அதே வண்டிதான். அன்னிக்கு அந்த அண்ணன் போன பிறகு என் ரூம்மேட் மெதுவா வந்து அதுல உக்காந்தான். ரெண்டு பாதத்தையும் தரையில ஊனிப் பார்த்தான். ஒண்ணும் சொல்லலை. நானும் ஒண்ணும் கேட்கலை.

அதனால மக்களே, எது அசல், எது காப்பிங்கற பஞ்சாயத்தைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்க. 2023-ல இந்தியாவுல வந்த ஹார்லி எக்ஸ்440-ஐத் தயாரிக்கறது யாரு தெரியுமா? எங்கப்பாவோட ஸ்ப்ளெண்டரைச் செஞ்ச அதே ஹீரோ கம்பெனி. காலேஜ்ல நீங்க உயிரை விட்ட பஜாஜ் அவெஞ்சர், கவாஸாகி எலிமினேட்டரோட பிள்ளை. எல்லா வண்டிக்கும் எங்கேயோ ஒரு தாய்மாமன் இருக்கான். புதுசா ஓட்ட வர்றவன் ஒரு வண்டியைக் காட்டினா, உன் கால் எட்டுதா, பிரேக் பிடிக்குதா, உன்னால தள்ள முடியுதான்னு கேளுங்க. டேங்க்ல என்ன எழுதியிருக்குன்னு கடைசியில கேட்டுக்கலாம்.

டிஸ்கி 1: ஹார்லி ஓட்டற நண்பர்கள் கோச்சுக்காதீங்க. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். உங்க வண்டியோட எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, பக்கத்து வண்டியைப் பார்த்து வர்ற அந்த 'ஓ'வோடதான்.

டிஸ்கி 2: எலுமிச்சை சாதத்தை அந்த அண்ணன் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதைச் செஞ்சதும் ஒரு ஜப்பான் குக்கர்லதான்னு நான் சொல்லலை!